மஞ்சள் சத்தை நானோ துகளில் ஏற்றினால் புற்றுநோய்க்கு மருந்தாகுமா? கீமோ எடுப்பவர் வீட்டிலிருந்து ஒரு கேள்வி

தண்டையார்பேட்டை தங்கை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். முதற்கட்டக் கீமோ முடிந்து, இப்போது வாரம் ஒருமுறை பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். பன்னிரண்டில் ஐந்து முடிந்துவிட்டன. சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், இணையத்தில் வாங்கிய சிறு புட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சளின் சத்தான குர்குமினை நானோ துகள்களாக மாற்றி, மிளகுச் சத்தும் சேர்த்திருப்பதாக அதன் உறையில் அச்சிட்டிருக்கிறது. சாதாரண மஞ்சள் உடம்பில் சேராது என்றும், நானோ துகளில் ஏற்றினால் அது நல்ல செல்களைத் தொடாமல் நேராகப் புற்றுச் செல்லுக்குள் போய் இறங்கும் என்றும் உடன் வந்த துண்டுத்தாள் சொல்கிறது.

அக்காவுக்கு அதைக் குடித்துப் பார்க்க ஆசை. "ஊசியில் ஏறுவதெல்லாம் விஷம், இதுவாவது செடியிலிருந்து வந்தது" என்கிறாள். எனக்குத் தடுக்கவும் மனமில்லை, கொடுக்கவும் துணிவில்லை. புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் இதையும் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருக்கிறது. இந்தத் துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ராயபுரம் மருந்தாளுநர் (ஓய்வு)

அம்மா, உங்கள் அக்கா சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு ஊசியில் ஏறுவதும் செடியிலிருந்து வந்ததுதான். இன்னும் சரியாகச் சொன்னால், மரத்திலிருந்து வந்தது.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையை அரசுக்காகச் சேகரித்தார்கள். அந்தப் பட்டைச் சாறு புற்றுச் செல்களைக் கொல்வதைக் கண்ட மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரு வேதியியலாளர்கள், அதிலிருந்த பாக்லிடாக்சல் மூலக்கூறைப் பிரித்தெடுத்து 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வானி நம் நாட்டில் பிறந்தவர். செல் பிரியும்போது அதனுள் கட்டப்படும் நுண்குழாய்களை இந்த மூலக்கூறு கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற அம்மையார் கண்டறிந்தார். இவ்வளவும் தெரிந்த பிறகும் அது மருந்தாக அனுமதி பெற 1992 டிசம்பர் வரை ஆயிற்று.

ஏன் அத்தனை தாமதம் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மரப்பட்டையில் அந்த மூலக்கூறு மிகச் சொற்பமாக இருந்தது ஒரு காரணம். மற்றொன்று, அது தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை இரத்தத்தில் ஏற்ற முடியாது. ஆகவே விளக்கெண்ணெயை வேதிமாற்றம் செய்து உண்டாக்கிய ஒரு கரைப்பானிலும் சாராயத்திலும் கலந்து கொடுத்தார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் சரிதல் என்று தொடக்க ஆய்வுகளே நின்றுபோகும் நிலை வந்தது. மெதுவாக ஏற்றியும், முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் கொடுத்தும்தான் அதைச் சமாளித்தார்கள். உங்கள் அக்காவுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்னால் சில ஊசிகள் போடுகிறார்களே, அவை இந்தக் கரைப்பானுக்காகத்தான். அந்த மருந்தைக் கண்ணாடிப் புட்டியில் தனிக் குழாய் வைத்து ஏற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பையிலுள்ள மென்மையாக்கியை அந்தக் கரைப்பான் கரைத்து இழுத்துக்கொண்டு வரும் என்பதால் அந்த ஏற்பாடு.

செடிச் சத்தை நானோ துகளில் ஏற்றுவது என்ற வேலை இந்த இடத்தில்தான் மெய்யாகவே பயன்பட்டது. நம் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு பாக்லிடாக்சலைச் சேர்த்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் (மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவுள்ள துகள்களாக்கினார்கள். 2005இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. விளக்கெண்ணெய்க் கரைப்பான் இல்லை. அதனால் ஒவ்வாமைக்கான முன்மருந்து பெரும்பாலும் தேவையில்லை. மூன்று மணி நேரம் ஏற்றிய மருந்து அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, பழைய மருந்தில் நூற்றுக்கு 19 பேருக்குக் கட்டி சுருங்கியது, அல்புமின் துகளில் 33 பேருக்குச் சுருங்கியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நானோ துகள் மருந்திலும் தலைமுடி உதிர்கிறது. கைகால் மரத்துப்போவது பழையதைவிடக் கூடுதலாகவே இருந்தது, ஏனெனில் கூடுதல் அளவு கொடுக்க முடிந்தது. "நல்ல செல்லைத் தொடாது" என்று எழுதியவர் மருந்து கொடுத்துப் பார்த்தவராக இருக்க முடியாது.

வியாசர்பாடி சித்த மருத்துவ ஆர்வலர்

சகோதரிக்கு வணக்கம். மருந்தாளுநர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நானோ என்பது மேல்நாட்டார் புதிதாகக் கண்ட ஒன்று என்பது போலப் பேச்சு போய்விடக்கூடாது. நம் பற்பமும் செந்தூரமும் திரும்பத் திரும்பப் புடமிட்டு அரைத்து, விரல் ரேகையில் படியும் அளவுக்கு நுண்மையாக்கப்பட்டவை. ஒவ்வொரு மருந்துக்கும் அனுபானம் சொல்லியிருக்கிறார்கள்: தேனிலா, நெய்யிலா, பாலிலா, வெந்நீரிலா என்று. துணைமருந்து மாறினால் மருந்தின் பலனே மாறும் என்பது சித்த மருத்துவத்தில் பாலபாடம். மஞ்சளைப் பாலில் கொதிக்கவிட்டு மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்த நம் பாட்டிமாருக்கு, அது கொழுப்பில் கரையும் என்பதும் மிளகு அதற்குத் துணை என்பதும் அனுபவத்தில் தெரிந்திருந்தது. அதையே இன்று புட்டியில் அடைத்து விற்கிறார்கள். விற்பவரைக் குறை சொல்லுங்கள். மஞ்சளைக் குறை சொல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவன்

அக்கா, நான் செய்வதே இந்த வேலைதான். குர்குமினை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளின் துகளில் ஏற்றுகிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி வேண்டும்.

முதலில் சித்த மருத்துவ ஐயாவுக்கு. அனுபானம் என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. நாங்கள் ஆய்வகத்தில் செய்வதைத் தமிழில் விளக்க அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. மிளகு பற்றி நீங்கள் சொன்னதற்குச் சான்றும் உண்டு. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. ஆனால் எதன் 20 மடங்கு என்று கேட்க வேண்டும். தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் கண்டறிவதே கடினமான அளவுதான் இருந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கணையப் புற்றுநோயாளிகளுக்கு நாள்தோறும் 8 கிராம் குர்குமின் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், அது கால் கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள்தூளுக்குச் சமம். அவ்வளவு விழுங்கியும் ஒரு மில்லி இரத்தத்தில் உச்சமாக எட்டியது ஏறத்தாழ 22 முதல் 41 நானோகிராம் வரைதான். ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்ல நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்து மைக்ரோமோலார் கரைசலில், ஒரு மில்லியில் ஏறத்தாழ 3,700 நானோகிராம் இருக்கும். நூறு மடங்கு இடைவெளி. குடலின் சுவரும் கல்லீரலும் குர்குமினைக் கண்டவுடன் சர்க்கரை அமிலத்தையும் சல்பேட்டையும் ஒட்டி வெளியே அனுப்பிவிடுகின்றன. அதற்குத் தப்பியதும் இரத்தத்தின் காரத்தன்மையில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. அந்த ஆய்வில் மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டும் ஏதோ ஒரு பலன் தெரிந்தது. அந்த இருவர்தான் எங்களைப் போன்றவர்களை இன்னும் இந்த வேலையில் வைத்திருக்கிறார்கள்.

இனி, துகளை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். காசிமேட்டில் இறால் உரிக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு மலைமலையாகக் குவியும் ஓடு தெரியும். அந்த ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் கைட்டின் கிடைக்கும். அதை மேலும் கடுங்காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான். அதை வினிகரில் உள்ள அதே அமிலத்தின் நீர்த்த கரைசலில் கரைத்து, குர்குமினைச் சிறிது சாராயத்தில் கரைத்துச் சேர்த்து, பாலிபாஸ்பேட் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், தெளிவாக இருந்த திரவம் ஒரு கணத்தில் பழச்சாற்றில் பால் விட்டது போல மங்கும். துகள் பிறந்துவிட்டது என்று பொருள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த மங்கல் மகிழ்ச்சி தருவது.

அதன் பிறகு வருவதுதான் கடினம். துகளுக்குள் போகாத குர்குமின் சுழற்சிக் குழாயின் அடியில் மஞ்சளாகப் படியும். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே தங்கிற்று என்று அளக்க வேண்டும். துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். அதைத் தடுக்க வேண்டும். ஒரு வாரம் வைத்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். அதையும் தடுக்க வேண்டும். கடையில் விற்கும் புட்டியில் "நானோ" என்று அச்சிட்டிருப்பவர் இந்த அளவுகளுள் ஒன்றையேனும் அச்சிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

துகள் நேராகப் புற்றுக் கட்டிக்குப் போகிறது என்பதற்கு வருகிறேன். புற்றுக் கட்டி அவசர அவசரமாகக் கட்டிக்கொள்ளும் இரத்தக் குழாய்களின் சுவரில் ஓட்டைகள் இருக்கும்; நானோ துகள்கள் அந்த ஓட்டை வழியே கசிந்து உள்ளே சேரும்; வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்கும். 1986இல் ஜப்பானின் மத்சுமுராவும் மயேதாவும் சொன்ன கருத்து இது.

திருவொற்றியூர் வேதியியல் ஆசிரியை

தம்பி, அந்தக் கருத்தை நானும் மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது எலிகளில் கண்டது அல்லவா? எலிக்கு ஏற்றும் கட்டி சில வாரங்களில் அதன் உடல் எடையில் கணிசமான பங்காக வளர்கிறது. மனிதருக்கு அது ஆண்டுக்கணக்கில் வளர்வது. இரண்டிலும் குழாய் ஒரே மாதிரி ஒழுகுமா? எவ்வளவு துகள் உண்மையில் கட்டியைச் சேர்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவன்

எண்ணியிருக்கிறார்கள் ஆசிரியை. 2016இல் டொரண்டோவைச் சேர்ந்த ஆய்வுக் குழு, முந்தைய பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை, நடுமட்டமாக, நூற்றுக்கு 0.7 மட்டுமே. ஆயிரம் துகள் அனுப்பினால் ஏழு. மிகச் சிறியவற்றைச் சிறுநீரகம் வடித்துவிடும்; மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும், ஏனெனில் இரத்தத்தில் மிதக்கும் அந்நியத் துகளைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. அதே குழு 2020இல், கட்டிக்குள் போகும் அந்தச் சிறு பங்கும் ஓட்டை வழியே கசிந்து போவதில்லை, பெரும்பாலும் குழாய்ச் சுவரிலுள்ள செல்களே அதைத் தூக்கி உள்ளே அனுப்புகின்றன என்று காட்டியது. நான் மேலே எழுதியதை முழுமையற்றது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைப் படத்தை இன்னும் பலர், நான் உட்பட, பழக்கத்தால் வரைந்துகொண்டிருக்கிறோம்.

இந்தக் கணக்கெல்லாம் நரம்பில் ஏற்றும் துகளுக்கு. அக்கா சொல்லும் புட்டியில் இருப்பது வாயால் குடிப்பது. வயிற்றின் அமிலத்தையும் குடலையும் கடந்து, அந்தத் துகள் துகளாகவே இரத்தத்தைச் சேரும் என்று நம்புவதற்கு இடமே இல்லை. நல்லபடியாகச் செய்திருந்தால் குடலில் குர்குமின் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சப்படலாம், அவ்வளவுதான்.

ஆர்.கே. நகர் வாசகர்

ஒரு சந்தேகம். துளசி, வேம்பு, நிலவேம்பு இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்து புற்றுச் செல்லைக் கொன்றோம் என்று நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறதே. அதுவும் இதுவும் ஒன்றா?

திருவொற்றியூர் வேதியியல் ஆசிரியை

இல்லை, வேறு. அங்கே இலைச் சாறு வெள்ளி உப்பை வெள்ளித் துகளாக மாற்றும் வேலையைச் செய்கிறது. கொல்வது பெரும்பாலும் வெள்ளி. வெள்ளி எந்தச் செல்லையும் கொல்லும், நல்ல செல் உட்பட. மேலும் அந்த ஆய்வுகளில் உயிரோடிருக்கும் செல்களை அளக்க ஒரு மஞ்சள் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். தாவரச் சாற்றிலுள்ள பாலிபீனால்கள் செல்லே இல்லாமலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கக் கூடியவை. செல் இல்லாத வெறும் சாற்றையும் அருகில் வைத்து ஒப்பிட்டிருந்தால்தான் அந்த முடிவை நம்புவேன். மாணவர்களின் உழைப்பை நான் குறைவாக மதிக்கவில்லை. செய்தியாகும்போது "தட்டில்" என்ற ஒரு சொல் விழுந்துபோகிறது என்பதே என் மனக்குறை.

ராயபுரம் மருந்தாளுநர் (ஓய்வு)

நம் ஊர்ச் செடிக்கு நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் வீட்டு வாசலைப் பாருங்கள். சுடுகாட்டுமல்லி என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணி, வடசென்னையில் கல்லறைத் தோட்டம் முதல் மாடித் தொட்டி வரை பூத்துக் கிடக்கிறது. அதன் இலையிலிருந்துதான் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் 1963 முதல் இன்றுவரை அடிப்படை மருந்து. தென் மாவட்டங்களில் அந்தச் செடியை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். அதற்காக யாரும் இலையைக் கிள்ளிக் கஷாயம் வைத்துவிடக்கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகிய செடி அது. சில மில்லிகிராமில் கணக்கு முடிந்துவிடும்.

அந்த வின்கிரிஸ்டினையும் லிப்போசோம் என்ற கொழுப்பு உறைக்குள் அடைத்து 2012இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கூடுதல் அளவு கொடுக்க முடிந்தது. ஆனால் நோயாளிக்கு மெய்யான நன்மை என்று உறுதிப்படுத்த வேண்டிய அடுத்தகட்ட ஆய்வு நிறைவேறாமல், 2022இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மருந்து நல்ல மருந்து, உறையும் நல்ல உறை. ஆனாலும் இரண்டும் சேர்ந்தது நிலைக்கவில்லை. எனவேதான் "நானோ" என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து நிற்பதில்லை.

எண்ணூர் மகன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தாயாருக்குக் கணையப் புற்றுநோய். முதல் மருந்து பலனளிக்காமல் போனபின், இரினோடெகான் என்ற மருந்தைக் கொழுப்பு உறையில் அடைத்த வடிவம் ஒன்று இருப்பதாக மருத்துவர் சொன்னார். அதுவும் ஒரு சீன மரத்தின் சத்திலிருந்து மாற்றி உண்டாக்கியது என்று அப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அதே வகைச் சத்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஒரு மரத்திலும் இருக்கிறதாம். 2015இல் அனுமதி பெற்ற அந்த வடிவத்தை, வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில், நடுமட்ட ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 மாதமாகக் கூடியது. மருத்துவர் அந்த எண்ணை மறைக்காமல் சொன்னார். இரண்டு மாதத்துக்குக் குறைவு. எனக்கு அன்று அது மிகவும் சிறிய எண்ணாகத் தோன்றியது. தாயார் போன பிறகு அப்படித் தோன்றவில்லை.

நான் இதை எழுதுவதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கும் இப்படிப் புட்டிகள் வந்தன. மூன்று வகை கொடுத்தோம். யாரிடமும் சொல்லவில்லை. கல்லீரல் அளவுகள் ஏறியபோது மருத்துவர் காரணம் தேடித் தவித்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. புட்டிதான் காரணமா, நோயே காரணமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் ஒரு கீமோ தவணை தள்ளிப்போனது. சகோதரி, மருத்துவர் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

ராயபுரம் மருந்தாளுநர் (ஓய்வு)

தம்பி, நீங்கள் இதை எழுதியது பெரிய மனம். உங்கள் ஐயத்துக்கு விடை எனக்கும் தெரியாது. ஆனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததை இத்தாலியில் 2019லும், அமெரிக்காவில் 2022லும் பதிவு செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை.

தங்கை அம்மாவுக்கு முக்கியமான செய்தி மிளகுச் சத்தில் இருக்கிறது. பைப்பரின் எப்படிக் குர்குமினைக் காப்பாற்றுகிறது? அந்நியப் பொருளை உடைத்து வெளியேற்றும் நொதிகளைக் கட்டிப்போட்டுக் காப்பாற்றுகிறது. அவற்றுள் ஒன்று, உங்கள் அக்காவின் பாக்லிடாக்சலையும் உடைக்கும் நொதி. அதையும் கட்டிப்போட்டால் பாக்லிடாக்சல் உடம்பில் தங்கும் அளவு மாறக்கூடும். அவருடைய உடற்பரப்பைக் கணக்கிட்டு, இரத்த அணுக்களைப் பார்த்து, வாரந்தோறும் அளந்து ஏற்றும் மருந்து அது. கைகால் மரத்துப்போதலும் வெள்ளையணு சரிவதும் அந்த அளவைப் பொறுத்தவை. ரசத்தில் போடும் மிளகு வேறு, செறிவூட்டிய சத்து வேறு.

நரம்பில் மஞ்சள் ஏற்றுகிறோம் என்று யாரேனும் அழைத்தால் போகவே வேண்டாம். அமெரிக்காவில் 2017இல் அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு பெண் உயிரிழந்தார். அதிலும் விளக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பான்தான் இருந்தது. அந்தக் கரைப்பானில் இருக்கக்கூடாத நச்சுக் கலப்பும் இருந்ததை அரசு ஆய்வு கண்டறிந்தது.

வியாசர்பாடி சித்த மருத்துவ ஆர்வலர்

மிளகு பற்றிய இந்த விளக்கம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் முறையிலும் ஒரு மருந்து நடக்கும்போது மற்றொன்றைக் கலக்காதே என்ற கட்டுப்பாடு உண்டு. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நரம்பு வழியாக, முறையான நானோ துகளில், குர்குமினை மனிதர்களுக்குக் கொடுத்தே பார்க்கவில்லையா? பார்க்காமல் பயனில்லை என்று சொல்லிவிட முடியாதே.

கொருக்குப்பேட்டை ஆய்வு மாணவன்

ஐயா, நியாயமான கேள்வி. பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வேறு சிகிச்சை எஞ்சாத 32 நோயாளிகளுக்குக் கொழுப்பு உறையில் அடைத்த குர்குமினை நரம்பில் ஏற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரத்தத்தில் குர்குமின் நன்றாகவே ஏறியது. அதாவது அனுபானம் தன் வேலையைச் செய்தது. ஆனால் யாருக்கும் கட்டி சுருங்கவில்லை. வேகமாக ஏற்றியபோது சிவப்பணுக்கள் சிதைந்ததையும் கண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆர்மீனியாவில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், பாக்லிடாக்சலோடு குர்குமினையும் நரம்பில் ஏற்றிய குழுவில் நூற்றுக்கு 51 பேருக்குக் கட்டி சுருங்கியது. வெறும் பாக்லிடாக்சல் குழுவில் 33 பேருக்கு. யாருக்கு எது ஏறுகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு அது. எனக்கு நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒரே ஓர் ஆய்வு. பெரிய அளவில் வேறிடத்தில் மீண்டும் நடக்கும்வரை அதை வைத்து யாருக்கும் மருந்து கொடுக்க முடியாது. அது மருத்துவமனையில் அளந்து, கண்காணித்து ஏற்றியது என்பதையும் மறக்கக்கூடாது.

என் சொந்தக் கருத்தைச் சொல்லவா? பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின், இரினோடெகான் மூன்றும் உறையில் ஏறுவதற்கு முன்பே புற்றுநோயைக் கொல்லும் மருந்துகளாக நிலைநாட்டப்பட்டவை. அவற்றுக்கு இருந்த குறை வாகனக் குறை. குர்குமினுக்கு இருப்பது வாகனக் குறை மட்டும்தானா, அல்லது மூலக்கூறே நிலையற்றதா, பல இலக்குகளில் மெலிதாக ஒட்டி ஒன்றையும் உறுதியாகப் பிடிக்காததா என்பது இன்னும் தீரவில்லை. 2017இல் வேதியியலாளர்கள் சிலர் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, குறை மூலக்கூறிலேயேதான் என்று கடுமையாகவே எழுதியது. அதைப் படித்த வாரம் எனக்கு ஆய்வகத்துக்குப் போகவே மனம் வரவில்லை. இப்போது கைட்டோசானில் குர்குமினோடு பாக்லிடாக்சலையும் ஏற்றி, ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகிறதா என்று பார்க்கிறேன். அனுபானம் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்; மருந்தில்லாததை மருந்தாக்காது. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுத நினைத்திருக்கிறேன்.

ஆர்.கே. நகர் வாசகர்

இப்படி விற்பதை யாரும் கேட்பதில்லையா?

ராயபுரம் மருந்தாளுநர் (ஓய்வு)

சட்டம் இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நானோ மருந்துகளை எப்படிச் சோதித்து மதிப்பிட வேண்டும் என்று 2019இல் இந்திய அரசு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. அதனால்தான் உறையில் "உணவுத் துணைப்பொருள்" என்று போட்டுவிட்டு, குணமாகும் என்பதைத் தனித் துண்டுத்தாளில் போடுகிறார்கள். உறையையும் துண்டுத்தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே தெரிந்துவிடும்.

தண்டையார்பேட்டை தங்கை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இந்த இழையை அக்காவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எண்ணூர்ச் சகோதரர் எழுதியதைப் படித்தபோது அவளே புட்டியை எடுத்து என் கைப்பையில் போட்டாள். ஆர்.கே. நகர்ச் சகோதரர் கேட்ட கேள்விக்கு ஐயா சொன்னபடி பார்த்தோம்: உறையில் "உணவுத் துணைப்பொருள்" என்றுதான் இருக்கிறது, துகளின் அளவு எங்கும் அச்சிடப்படவில்லை.

இன்று ஆறாவது தவணை. மருத்துவர் கோபிக்கவில்லை. உறையை முழுதும் படித்தார். மிளகுச் சத்து என்ற வரியில் விரலை வைத்து, கீமோ முடியும்வரை இது வேண்டாம் என்றார். ஏற்கனவே குடித்தாளா என்று இருமுறை கேட்டார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியில்தான் விரல் நுனி மரத்திருப்பதை அக்கா சொன்னாள். மூன்று வாரமாக இருக்கிறதாம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. ரவிக்கை ஊக்கு மாட்ட முடிகிறதா, தரையில் கால் பதிவது தெரிகிறதா என்று சோதித்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் பார்த்து அளவைக் குறைப்பதா என்று முடிவெடுப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினார்.

மருந்து ஏறும்போது அக்கா அந்தக் கண்ணாடிப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரம் நம் நாட்டில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

ராயபுரம் மருந்தாளுநர் (ஓய்வு)

அதற்கு நெருங்கிய உறவான ஒரு யூ மரம் இமயமலையில் இருக்கிறது அம்மா. நம் பக்கம் வளராது. இப்போது மருந்துக்காகப் பட்டையை உரிப்பதில்லை. வேறொரு யூ மரத்தின் இலையிலிருந்து எடுத்த பொருளை மாற்றியும், தொட்டிகளில் தாவரச் செல்களை வளர்த்தும் எடுக்கிறார்கள் என்று அக்காவிடம் சொல்லுங்கள். ஊக்கு மாட்டச் சிரமப்படும் நாட்களை ஒரு தாளில் தேதியிட்டுக் குறித்துவைத்து, அடுத்த வாரம் மருத்துவரிடம் கொடுங்கள்.